குறைந்த செலவில் பெல்ட் கிரைண்டர்: 1×30 போதுமா, 2×72 வேண்டுமா?

2023 பிப்ரவரி 5 (வாசகர் கேள்வி)

கத்தி செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். கையில் ஓர் ஆங்கிள் கிரைண்டரும் சில அரங்களும் இருக்கின்றன. சமையலறைக் கத்திகள், சிறிய உளிகள், வெல்டிங் செய்த இடங்களைச் சீராக்குவது ஆகியவைதான் என் வேலை. என் கைக்கு எட்டும் விலையில் மூன்று கண்ணில் பட்டன: மேசைமேல் வைக்கும் 1×30 அங்குல இயந்திரம் (பெல்ட்டின் அகலம் × சுற்று நீளம்), மரவேலைக்கென வரும் 4×36, மோட்டார் இல்லாமல் விற்பனைக்கு வந்திருக்கும் பழைய 2×72 சட்டம். மூன்றிலும் ஒரு தேய்ப்புப் பெல்ட் சுற்றுகிறது. விலை வேறுபாடு இரும்பின் எடைக்குத்தான் என்று தோன்றுகிறது. சரிதானா?

2023 பிப்ரவரி 5, இரவு

சரியில்லை. பெல்ட் எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதுதான் முதல் வேறுபாடு. மோட்டாரின் திறனைப் பெல்ட்டின் வேகத்தால் வகுத்தால் அந்த விசை கிடைத்துவிடும். சிறிய 1×30 இயந்திரங்களில் பொதுவாக 250 வாட் அளவில் மோட்டார் இருக்கும். பெல்ட் நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் ஓடும். வகுத்தால் 17 நியூட்டன் வருகிறது. ஒன்றே முக்கால் கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை அது. அதற்கு மேல் நீடித்து அழுத்தினால் மோட்டார் திணறும். அதே வேகத்தில் 1.5 கிலோவாட் மோட்டார் 100 நியூட்டன் வரை இழுக்கும். பெல்ட்டின் அகலத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு குதிரைத்திறன் என்று கத்தி செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு இந்த வகுத்தலிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை.

2023 பிப்ரவரி 6

இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெல்ட்டின் அளவை முடிவு செய்யுங்கள். மோட்டாரை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம், சட்டத்தைக்கூட அறுத்து மறுபடி வெல்டிங் செய்யலாம். ஆனால் எந்த அளவுப் பெல்ட்டை ஆண்டுக்கணக்கில் வாங்கப்போகிறீர்கள் என்பது வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

2×72 பெல்ட்டின் பரப்பு 144 சதுர அங்குலம். 1×30 பெல்ட்டின் பரப்பு 30. ஏறத்தாழ ஐந்து மடங்கு. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 72 அங்குலப் பெல்ட் எட்டு முறை சுற்றி வரும்போது, 30 அங்குலப் பெல்ட் இருபது முறைக்கு நெருக்கமாகச் சுற்றிவிடுகிறது. அதில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தேய்ப்பு மணியும் அத்தனை முறை எஃகில் உரசிச் சூடாகி, ஆறுவதற்கு இடமில்லாமல் திரும்ப வருகிறது. ஆகவே சிறிய பெல்ட் விரைவில் மழுங்குவதைத் தரக்குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கத்தி செய்பவர்களை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படும் பெல்ட்டுகளில் பெரும்பாலானவை 2×72 அளவிலேயே முதலில் வருகின்றன. ஐரோப்பாவில் 50×2000 மில்லிமீட்டர் அளவுக்கு அந்த இடம் உண்டு. 36 கிரிட் செராமிக் (கிரிட் எண் சிறிதானால் மணி பருமன்; செராமிக் என்பது கனமான வேலைக்கான மணி வகை), வளைவுகளுக்கான மெல்லிய துணிப் பெல்ட், மெருகுக்கான நுண்மணிப் பெல்ட் எல்லாமே இந்த அளவுகளில் எளிதாகக் கிடைக்கும். 1×30 என்றால் பெரும்பாலும் சாதாரண அலுமினியம் ஆக்சைடு மணிப் பெல்ட்தான் கையில் வந்து சேரும். நடுவில் 2×42, 2×48 என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன. இடமும் பணமும் குறைவாக உள்ளவர்கள் இவற்றைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு வியப்பு.

4×36 பற்றி: தட்டையான பரப்பைச் சமப்படுத்த அது நன்று. கத்தியின் பெவல், அதாவது வெட்டும் விளிம்பை நோக்கி மெலியும் சரிவு, தொடங்கும் கோட்டைப் பெல்ட்டின் விளிம்பால்தான் வெட்ட வேண்டும். பல 4×36 இயந்திரங்களில் அந்த விளிம்பை உடற்பகுதி மறைத்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடிப் பக்கத்துக்கு இடமே இராது.

2023 பிப்ரவரி 6, சற்றுப் பின்னர்

விட்டுப்போனது: 4×36 ஏற்கெனவே வீட்டில் இருந்து அதில் இரும்பைத் தேய்க்கப்போகிறீர்களானால், தூசிப் பையை முதலில் கழற்றி எறியுங்கள். மரத்தூள் நிறைந்த பைக்குள் தீப்பொறி போனால் அது உள்ளேயே கனன்று, நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு எரியத் தொடங்கும்.

2023 பிப்ரவரி 9

வேகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் இயக்கும் சக்கரத்தின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14ஆலும் நிமிடச் சுழற்சியாலும் பெருக்கி, 60ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று தெரியும். 2800 சுழற்சி மோட்டாரில் 100 மில்லிமீட்டர் சக்கரம் மாட்டினால் 14.7, 125 என்றால் 18.3, 150 என்றால் 22. அடிக்கணக்கில் சொன்னால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2900, 3600, 4300 அடி.

செராமிக் பெல்ட்டை வைத்துக் கனமான எஃகைக் குறைக்கும்போது 22 மீட்டர் மிகையல்ல. செராமிக் மணிகள் போதிய அழுத்தமும் வேகமும் கிடைத்தால்தான் நுண்ணியதாக உடைந்து புதிய கூர்முனையைக் காட்டும். தடவிக்கொடுப்பதுபோல் மென்மையாகப் பயன்படுத்தினால் அவை உடையாமல் மேலே மழுங்கிப் பளபளப்பாகிவிடும், பெல்ட் புதிதாகவே இருக்கும், வெட்டாது. 250 வாட் இயந்திரத்துக்கு விலையுயர்ந்த செராமிக் பெல்ட் வாங்குவது பெரும்பாலும் வீண் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். முதல் நாள் எழுதிய 17 நியூட்டன் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்.

தோய்ச்சல் கொடுத்து (காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்து), மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதமாக்கிய கத்தியில் நிலைமை தலைகீழ். சமையலறைக் கத்திக்கான சாதாரண கார்பன் எஃகு 200 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் பதமாக்கப்பட்டிருக்கும். தேய்க்கும்போது கத்தியின் வாயில் (வெட்டும் விளிம்பில்) வைக்கோல் நிறம் தோன்றினால் அந்த எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். நீலம் தோன்றினால் 290 பாகையைத் தாண்டிவிட்டீர்கள், அந்த இடம் மென்மையாகிவிட்டது. நிறத்தைத் தேய்த்து அழிக்கலாம், போன கடினம் திரும்பாது. துருவேறா எஃகில் இதே நிறங்கள் இன்னும் உயர்ந்த வெப்பத்தில்தான் தெரியும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. நான் கையுறை இல்லாமலே பிடிக்கிறேன், பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். விரல் பொறுக்காத சூட்டுக்கும் பதம் கெடும் சூட்டுக்கும் இடையே நிறைய இடைவெளி இருக்கிறது என்பது முதுகுப் பக்கத்துக்குப் பொருந்தும். காகிதம்போல் மெலிந்த வாயில், விரலுக்குச் செய்தி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தோய்ச்சலுக்கு முன் வாயில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவைக்கச் சொல்வார்கள். தோய்ச்சலில் கோணாமல் இருக்க அது உதவும். மிச்சத்தை மெதுவான வேகத்தில் எடுக்க வேண்டும். ஆகவே ஒரே இயந்திரத்தில் இரண்டு வேகமாவது தேவை.

2023 பிப்ரவரி 12

"மின்விசிறி ரெகுலேட்டரை இணைத்து வேகத்தைக் குறைக்கலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். இணைக்கலாம், மோட்டார் புகையால் பதில் சொல்லும். கப்பாசிட்டர் வைத்துத் தொடங்கும் ஒற்றைக்கட்ட மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றுகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் உருப்படியாகக் குறைவதற்கு முன் வலுதான் குறையும், சுருள் சூடேறும்.

வழி இரண்டு. ஒன்று, மூன்றுகட்ட மோட்டாரும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியும். இரண்டு, வெவ்வேறு விட்டங்கள் அடுக்கிய படிப்படியான புல்லி. முதலாவது வசதி, இரண்டாவது மலிவு.

வி.எஃப்.டி. வாங்குபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஒற்றைக்கட்ட 230 வோல்ட்டை உள்வாங்கும் கருவி 230 வோல்ட் மூன்றுகட்டத்தைத்தான் வெளியே தரும், 400 தராது. எனவே மோட்டாரின் தகட்டில் 230 வோல்ட்டில் ஓட்டுவதற்கான டெல்டா வகைச் சுருள் இணைப்புக்கு இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் ஓடும், ஆனால் சுமையில் சோர்ந்து நிற்கும். கருவிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைத்து ஓட்டத்தில் அணைக்கக் கூடாது. அணைக்க வேண்டியது கருவியின் கட்டளை முனைகள் வழியாகத்தான். நில இணைப்பு இல்லாமல் ஓட்டக் கூடாது. மூடப்படாத மலிவான கருவிகளில் காற்றோட்டத்துக்கான துளைகள் இருக்கும். இரும்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அவற்றைச் சுவரின் மறுபக்கத்திலோ, மூடிய போதிய அளவுள்ள பெட்டியிலோ வைக்க வேண்டும். மூடிய பெட்டி சிறிதாக இருந்தால் கருவி தன் சூட்டிலேயே நின்றுவிடும்.

2023 பிப்ரவரி 13

நேற்றைய குறிப்புக்கும் முதல் குறிப்புக்கும் இடையே ஒரு முரண் இருப்பதாக ஒருவர் சுட்டுகிறார்: அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் மோட்டாரின் திறனும் பாதியாகிவிடுமே, அப்படியானால் வேகக் குறைப்பு நட்டம்தானே என்கிறார். திறன் பாதியாவது உண்மை. வேகமும் பாதியாவதால் பெல்ட்டின் இழுவிசை முன்போலவே இருக்கும். வகுத்தலில் மேலும் கீழும் ஒரே அளவு குறைகிறது. குறைவது ஒரு நிமிடத்தில் எடுக்கப்படும் எஃகின் அளவுதான். இறுதி வேலையில் அதுவே நாம் விரும்புவது. புல்லியால் வேகத்தைக் குறைத்தால் திறன் அப்படியே இருந்து இழுவிசை கூடும். புல்லிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய ஒரே இடம் இது. மற்ற நேரமெல்லாம் அவர்கள் குனிந்து புல்லியின் பெல்ட்டைப் படி மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வி.எஃப்.டி.யில் நீண்ட நேரம் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால், மோட்டாரின் பின்புற விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு சேரும். உடலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 பிப்ரவரி 17

மோட்டாரின் தகட்டைப் படிக்கப் பழக வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறன் விளம்பரம். தகட்டில் உள்ள வாட்டும் ஆம்பியரும்தான் வாக்குமூலம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அதைச் சுழலும் தண்டில் தருவதற்குச் சிறிய ஒற்றைக்கட்ட மோட்டார் ஏறத்தாழ 1000 வாட் உள்வாங்கியாக வேண்டும். 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் மட்டுமே எடுக்கும் ஒன்று தன்னை ஒரு குதிரைத்திறன் என்று அழைத்துக்கொண்டால் அது கணக்கில் நிற்காது.

அடுத்ததாக எஸ்1, எஸ்2 என்ற குறியைப் பாருங்கள். எஸ்1 என்றால் இடைவிடாமல் முழுச் சுமையில் ஓடலாம். எஸ்2 என்று எழுதிப் பக்கத்தில் 30 நிமிடம் என்றிருந்தால், அந்த நேரத்துக்குப் பிறகு முழுவதும் ஆறவிட வேண்டும். மேசைமேல் வைக்கும் மலிவான கிரைண்டர்கள் பலவற்றில் இந்தச் சின்ன எழுத்து இருக்கும். கத்தியின் ஒரு பக்கச் சரிவு ஒழுங்காக அமைவதற்குள் அந்த நேரம் ஓடிப்போய்விடும். என்னிடம் முதலில் இருந்த சிறிய இயந்திரம் அந்த வகைதான். அதில் வேலை செய்ததைவிட அது ஆறுவதற்குக் காத்திருந்ததுதான் அதிகம், ஆனால் அந்தக் காத்திருப்பில் அரத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதையும் கற்றுக்கொண்டேன்.

முழுவதும் மூடிய, வெளிவிசிறியால் குளிரும் மோட்டாராக இருக்கட்டும். நீர் இறைக்கும் இயந்திரத்திலிருந்தோ மர அறுவை இயந்திரத்திலிருந்தோ கழற்றிய, பக்கவாட்டில் திறப்புள்ள மோட்டார் இலவசமாகக் கிடைத்தாலும், அது உள்ளிழுக்கும் இரும்புத்தூளுக்கு விலை உண்டு.

2023 பிப்ரவரி 18

1×30 இயந்திரத்தை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டேனோ என்று தோன்றுகிறது. முன் குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். விசைக் கணக்கில் மாற்ற ஒன்றுமில்லை, ஆனால் முடிவு அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. வாய் தீட்டுவதற்கும், உளி முகத்தைச் சீராக்குவதற்கும், சிறு கத்திகளின் வெளிவடிவத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் அது போதும். 2×72 வாங்கிய பலர் பழைய 1×30ஐ விற்காமல் தீட்டுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள், நானும்தான்.

அதன் உண்மையான குறை மோட்டாரைவிடப் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில்தான் இருக்கிறது. பிளாட்டன் என்று சொல்லப்படும் அந்தத் தகடு பலவற்றில் வளைத்த மெல்லிய இரும்பு. அழுத்தினால் பின்வாங்கும், பின்வாங்கினால் சரிவு குவிந்துபோகும். அதன்மேல் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள தட்டையான எஃகுப் பட்டையைத் திருகி, சக்கரங்களின் கோட்டைவிடச் சற்றே முன்னால் நிற்கும்படி வைத்தால் இயந்திரத்தின் குணமே மாறிவிடும்.

2023 பிப்ரவரி 21

முதலில் கேள்வி கேட்ட வாசகர் பழைய 2×72 சட்டத்தை நேரில் பார்க்கப்போகிறார் என்பதால், என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

பெல்ட்டை இடவலமாக நகர்த்திச் சரிசெய்ய மேலே இருக்கும் டிராக்கிங் சக்கரம் நடுவில் சற்றுப் புடைத்திருக்க வேண்டும். ஓடும் தட்டைப் பெல்ட் விட்டம் கூடிய பகுதியை நோக்கி ஏறும் இயல்புடையது. அந்தப் புடைப்புதான் அதை நடுவில் நிறுத்துகிறது. தேய்ந்து தட்டையாகிவிட்ட சக்கரத்தில் எவ்வளவு திருகினாலும் பெல்ட் நடுவில் நிற்காது. டிராக்கிங் திருகைத் திருப்பினால் பெல்ட் மெதுவாக நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். கையெடுத்த பின்னும் ஊர்ந்தால் கீல் தளர்ந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

மூன்று சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நேர்மட்டக் கோலை வைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் வெல்டிங்கில் முறுக்கிக்கொண்டிருந்தால் அதை நிமிர்த்துவதைவிட வேறு சட்டம் தேடுவது எளிது. பேரிங்குகள் கரகரத்தால் கவலை வேண்டாம். பெரும்பாலும் 6202 அல்லது 6203 இருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளவற்றை வாங்கி மாட்டினால் முடிந்தது. பிளாட்டன் நடுவில் குழிந்திருந்தாலும் பரவாயில்லை, அது தேயும் பொருள்தான். சமப்படுத்திய பிறகு வெப்பம் தாங்கும் செராமிக் கண்ணாடித் துண்டு ஒன்றை எப்பாக்சியால் ஒட்டி, கீழே தாங்குவதற்கு ஒரு சிறு விளிம்பு வைத்துவிட்டால், நெடுநாள் தட்டையாக நிற்கும். சாதாரண சன்னல் கண்ணாடி கூடாது, சூட்டில் வெடிக்கும்.

பெல்ட்டுக்குப் பின்னால் நின்று வளைவாகத் தேய்க்க உதவும் பெரிய ரப்பர் கான்டாக்ட் சக்கரம் இல்லை என்று விற்பவரிடம் விலை குறைக்கச் சொல்லலாம், ஆனால் மனத்துக்குள் அதற்காக வருந்த வேண்டாம். குழிவான சரிவு வைக்கத்தான் அது இன்றியமையாதது. சமையலறைக் கத்திக்குத் தட்டைச் சரிவே போதும்.

2023 பிப்ரவரி 22

பெல்ட்டுக்குப் பணம் ஒதுக்காமல் இயந்திரத்துக்கே எல்லாவற்றையும் செலவழிப்பவர்கள், மழுங்கிய பெல்ட்டை இன்னும் ஒரு கத்திக்கு என்று இழுத்துக்கொண்டே போவார்கள். மழுங்கிய பெல்ட் வெட்டுவதற்குப் பதில் உரசும், உரசல் முழுவதும் சூடாக மாறும். தோய்ச்சலுக்குப் பிந்தைய வேலைக்கு எப்போதும் புதிய பெல்ட், தோய்ச்சலுக்கு முன் வெளிவடிவம் வெட்டப் பழைய பெல்ட் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு 36 அல்லது 40 செராமிக், 60, 120, 220 போதும். மேலே உப்புத்தாளும் கையும் பார்த்துக்கொள்ளும். ஒரு கிரிட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தேய்க்கும் கோணத்தைச் சற்று மாற்றுங்கள், பழைய கீறல் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. பெல்ட்டின் உட்புறத்தில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையிலேயே ஓட வேண்டும். ஒட்டுநாடா வைத்து முனைக்கு முனை இணைத்தவை இரு திசையிலும் ஓடும். மடித்து வைக்காதீர்கள், பருத்த குழாயில் தொங்கவிடுங்கள்.

2023 பிப்ரவரி 22, பின்னிணைப்பு

தூசி. காற்றில் மிதக்கும் நுண்தூள் தீப்பொறியைவிடப் பொல்லாதது. துணி கட்டிக்கொள்வது போதாது, முகத்தோடு பொருந்தும் பி100 அல்லது பி3 வடிகட்டி உள்ள முகமூடி தேவை. பெல்ட்டின் கீழே தண்ணீர் வாளி வைத்தால் பொறியில் பெரும்பகுதி அதில் விழும். அலுமினியமும் இரும்பும் ஒரே இடத்தில் தேய்க்கப்படக் கூடாது. அலுமினியத் தூளும் துருவேறிய இரும்புத் தூளும் கலந்து கிடக்கும்போது பொறி பட்டால் பற்றும் தீ தண்ணீருக்கு அடங்காது. அலுமினியத் தூள் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனையும் வெளிவிடும் என்பதால் அந்த வாளியே ஆபத்தாகிவிடும். அலுமினியம் தேய்க்க வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்த பிறகு, வாளி இல்லாமல், தனியாகச் செய்யுங்கள்.

2023 மார்ச் 3

சட்டத்தை வாங்கிவிட்டாராம். வி.எஃப்.டி.க்கு இப்போது பணம் இல்லை, எந்த மோட்டார் பொருத்துவது என்று கேட்கிறார்.

1.5 கிலோவாட், 1440 சுழற்சி, எஸ்1 குறியுள்ள ஒற்றைக்கட்ட மோட்டார். இயக்கும் சக்கரத்தை மோட்டாரில் நேரடியாக மாட்டாமல் தனித் தண்டில் மாட்டி, இரண்டுக்கும் நடுவில் மூன்று படியுள்ள புல்லிகளை வையுங்கள். 125 மில்லிமீட்டர் சக்கரத்தில் சமப் புல்லி 9.4 மீட்டர் தரும்; தண்டின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் 18.8, பாதியாக்கினால் 4.7. முதலில் குறைப்பதற்கு மேல் படி, சரிவை நேர்த்தி செய்ய நடுப்படி, தோய்ச்சலுக்குப் பின் கீழ்ப்படி. பின்னாளில் மூன்றுகட்ட மோட்டார் வந்தால் புல்லியைச் சமத்தில் விட்டுவிட்டு வி.எஃப்.டி.யில் 100 ஹெர்ட்ஸ் வரை ஏற்றினாலும் அதே 18.8க்கு வந்து சேரலாம். அந்த வேகத்தை மோட்டார் தாங்குமா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெல்ட் பிளாட்டன்மேல் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் தொடக்கச் சுருளின் இரண்டு முனைகளை மாற்றி இணைத்தால் திரும்பிவிடும். அப்படித் திருப்பும்போது, இயக்கும் சக்கரம் வெறும் மரையால் மட்டும் தண்டில் பிடிக்கப்பட்டிருந்தால் அது ஓட்டத்திலேயே தளர்ந்து கழன்றுவரும். தண்டில் சாவிக்குழி (நீளவாட்டுப் பள்ளம்) வெட்டி, சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் சாவி எனும் எஃகுத் துண்டை வைத்து, அதன்மேல் அமரும் மறைதிருகால் இறுக்கிய பிறகே முதன்முறை மின்சாரம் கொடுங்கள். கொடுக்கும்போது சக்கரத்தின் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.